நேரியல் அல்லாதது: ஒரு சுருள்வில்லைக் கணக்கிட்ட வரலாறு

நீண்ட பதிவு. இடையிடையே கொஞ்சம் கணக்கு வரும்; பள்ளி இயற்பியல் நினைவிருந்தால் போதும்.

தமிழ் இலக்கணம் உலகப் பொருள்களை இரண்டாகப் பகுக்கிறது. மக்கள் உயர்திணை, ஏனைய அனைத்தும் அஃறிணை, அதாவது உயர்திணை அல்லாதது. விலங்கு, மரம், மலை, கடல், விண்மீன் என உலகின் ஆகப் பெரிய பகுதி ஓர் ‘அல்’ என்னும் எதிர்மறைக்குள் அடங்கிவிடுகிறது. பெயரிட்டவர் எந்த இடத்தில் நின்றுகொண்டு உலகைப் பார்த்தார் என்பதை அந்த எதிர்மறை சொல்லிவிடுகிறது. இயந்திரவியலிலும் இப்படி ஓர் அஃறிணை உண்டு. ‘நேரியல் அல்லாத நடத்தை’ என்பது அதன் பெயர். விசையை இரு மடங்காக்கினால் மாற்றமும் இரு மடங்காகும் பொருள்கள் நேரியல் நடத்தை உடையவை. அப்படி ஆகாதவை எல்லாம் மற்றொரு திணை. உலகில் உள்ள பொருள்களில் பெரும்பாலானவை பெரும்பாலான சமயங்களில் இரண்டாவது திணையைச் சேர்ந்தவைதாம்.

மொழியியலில் முதுகலை முடித்த ஒருவருக்குச் சுருள்வில்லில் என்ன வேலை என்று கேட்கலாம். அறிவியல் சொற்கள் பொருள் பெறுவதும் பொருள் பிரிவதும் பற்றிய குறிப்புகளைச் சேர்த்துவருகிறேன். அதில் மிகச் செறிவாக அமைந்த ஒரு பகுதி, அமுக்கச் சுருள்வில்லின் நேரியல் அல்லாத நடத்தையைக் கணினியில் உருவகித்துப் பார்க்கும் கலை எப்படி வளர்ந்தது என்பது. எழுதுகோலின் உள்ளே இருக்கும் சிறு வில்லும், ரயில் பெட்டியைத் தாங்கும் கனத்த வில்லும் இதில் ஒன்றே. இந்த வரலாற்றைப் படித்த அளவில் எனக்குத் தோன்றுவது இதுதான்: உருமாற்றம் சிறிதாக இருக்கும்வரை பல சொற்கள் ஒரே பொருளைக் குறிக்கின்றன. உருமாற்றம் பெரிதானதும் அவை பிரிந்துவிடுகின்றன. கணக்கிடுபவர் எந்தச் சொல்லை எந்தப் பொருளில் ஆண்டார் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

தொடக்கமே ஒரு சொல்விளையாட்டு. 1676இல் லண்டனில் ராபர்ட் ஹூக் சூரியனைப் பார்க்கும் கருவிகளைப் பற்றிய ஒரு நூலை வெளியிட்டார். அதன் இறுதியில், தாம் கண்டறிந்ததாகச் சொல்லிக்கொண்ட சில உண்மைகளை எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக அச்சிட்டார். அவற்றில் ஒன்று பதினான்கு எழுத்துகள் கொண்டது. அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்ததால் எவருக்கும் ஒன்றும் விளங்காது. முந்திய ஆண்டுதான் கடிகாரத்தின் சமநிலைச் சக்கரத்தில் சுருள்வில்லைப் பொருத்தும் உரிமை யாருக்கு என்று ஹூக்குக்கும் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்சுக்கும் பூசல் மூண்டிருந்தது. கண்டுபிடித்ததை வெளியே சொல்லவும் வேண்டும், பிறர் கையில் கொடுத்துவிடவும் கூடாது என்ற நிலையில் இருந்த ஒருவருக்குப் புதிர்தான் பூட்டு. 1678இல் மீட்சி பற்றிய தம் சொற்பொழிவு நூலில் அவரே பூட்டைத் திறந்தார். இழுப்பு எப்படியோ விசையும் அப்படியே என்று பொருள்படும் நான்கு லத்தீன் சொற்கள் வெளிவந்தன.

ஹூக் எவற்றைச் சோதித்தார் என்பது கவனிக்கத் தக்கது. திருகாகச் சுற்றிய கம்பி, கடிகாரச் சுருள், பல அடி நீளத்துக்குத் தொங்கவிட்ட நேரான கம்பி, ஒரு முனை இறுக்கப்பட்ட உலர்ந்த மரத்துண்டு. நான்கிலும் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மாற்றம் விகிதத்தில் இருப்பதைக் கண்டார். அதாவது இன்று நாம் பொருளின் பண்பு என்று பாடப்புத்தகத்தில் படிக்கும் விதி, முதலில் வில்களின் பண்பாகத்தான் சொல்லப்பட்டது. நான்கு வேறு உருவங்களில் ஒரே விகிதம் தெரிந்ததால் அவர் அதை இயற்கையின் விதி என்றார். அந்த நான்கிலும் மாற்றம் சிறிதாக இருந்தது என்பதை விதிக்குள் எழுதவில்லை.

பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ஓர் எதிர்க்குரல் எழுந்தது. ஜேக்கப் பெர்னூலி, இசைக்கருவியில் கட்டும் குடல் நரம்பை இழுத்துப் பார்த்து, நேர்விகிதம் அதற்குப் பொருந்தவில்லை என்றார். ஆனால் நேர்விகிதத்தில் கணக்கு எளிது. இரண்டு எடைகளின் விளைவைத் தனித்தனியே கண்டு கூட்டிவிடலாம். கூட்ட முடிகிற உலகில் கணக்கறிஞர்கள் இருநூறு ஆண்டுகள் சுகமாக வாழ்ந்தார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை. பாலங்களும் ரயில் பாதைகளும் அந்தச் சுகத்தில்தான் கட்டப்பட்டன.

அடுத்த படி எனக்கு மிகவும் பிடித்தது. சுருள்வில்லை அமுக்கினால் அதன் கம்பிக்கு என்ன நேர்கிறது? கண்ணுக்குத் தெரிவது உயரம் குறைவது. ஆகவே கம்பி அமுங்குகிறது அல்லது வளைகிறது என்றுதான் எவரும் நினைப்பர். 1848இல் ஜேம்ஸ் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சனின் அண்ணன், கம்பி முக்கியமாக முறுக்கப்படுகிறது என்பதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். ஈரத்துணியைப் பிழிகிறோமே, அதே செயல். சுருளின் ஒவ்வொரு சிறு துண்டும் தன் அச்சைச் சுற்றிச் சிறிது திருகிக்கொள்கிறது. அந்தத் திருகல்கள் எல்லாம் சேர்ந்து உயரக் குறைவாக வெளிப்படுகின்றன. முறுக்கு என்ற நம் சொல் செயலையும் குறிக்கிறது, வாணலியில் போடும் சுருளையும் குறிக்கிறது. தமிழருக்கு இதில் வியப்பு சற்றுக் குறைவாகவே இருந்திருக்கும்.

முறுக்கம் என்று தெரிந்ததும் சூத்திரம் கிடைத்துவிட்டது. வில்லின் விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்துக் கூடும். சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்துக் குறையும். வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தும் குறையும். நான்காம் அடுக்கு என்பது விளையாட்டல்ல. கம்பியின் விட்டம் பத்து விழுக்காடு குறைந்தால் விறைப்பு 34 விழுக்காடு குறைந்துவிடும். இன்றும் பொறியியல் மாணவர்கள் மனப்பாடம் செய்வது இந்தச் சூத்திரத்தைத்தான்.

ஆனால் சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சொல்லைப் பாருங்கள்: ‘வேலை செய்யும் சுற்றுகள்’. அமுக்க அமுக்க முனைகளில் உள்ள சுற்றுகள் பக்கத்துச் சுற்றின் மேல் படிந்துவிடுகின்றன. படிந்த சுற்று மேற்கொண்டு முறுக்கிக்கொள்ளாது. அது வேலையிலிருந்து விலகிவிட்டது. எட்டுச் சுற்றுகளில் இரண்டு படிந்தால் ஆறே மிச்சம். விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மாறிலி என்று பெயர் சூட்டிய எண், கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிறது. இத்துடன், அமுங்கும்போது சுருளின் சாய்கோணம் குறைகிறது, விட்டம் சற்றே விரிகிறது, முனைகள் திரும்ப முனைகின்றன. இவை அனைத்தையும் சூத்திரம் பொருட்படுத்துவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இருவர் இந்தச் சூத்திரத்தின் ஓரங்களைச் செப்பனிட்டனர். அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தில் இருந்த ஏ. எம். வால், 1929இல் வளைவின் விளைவைக் கணக்கில் சேர்த்தார். கம்பி வளைந்திருப்பதால் சுருளின் உட்புறத்து இழை குட்டையானது, வெளிப்புறத்து இழை நீளமானது. ஒரே முறுக்கம் குட்டையான இழையை அதிகமாக வருத்தும். சுருள் விட்டம் கம்பி விட்டத்தைப் போல் நான்கு மடங்காக இருக்கும் கெட்டியான வில்லில், உட்புறத் தகைவு எளிய சூத்திரம் சொல்வதைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு மிகும். எட்டு மடங்கான வில்லில் 18 விழுக்காடு. ஓடி ஓடிக் களைத்த வில்களில் விரிசல் பெரும்பாலும் உட்புறத்தில் தொடங்குவதன் காரணம் இதில் இருக்கிறது. 1944இல் அவர் எழுதிய சுருள்வில் நூல் நெடுங்காலம் அத்துறையின் கைநூலாக விளங்கியது.

மற்றவர் ஹாரிங்ஸ். நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில், நுண்கருவிகளை அதிர்வு தாக்காமல் நிறுத்தி வைக்கும் தாங்கிகளை ஆராய்ந்தவர். அதற்கு மிகவும் மெத்தென்ற, உயரமான வில்கள் தேவைப்பட்டன. உயரமான வில்லை அமுக்கினால் அது ஒரு கட்டத்தில் நேராகக் குறுகுவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் நெளிந்து சாயும். எப்போது சாயும் என்பதற்கு 1940களில் ஹாரிங்ஸ் ஒரு சூத்திரம் தந்தார். இரு முனைகளும் தட்டையான, சாயாத தட்டுகளுக்கு இடையே இருக்கும் எஃகு வில்லின் உயரம், சுருள் விட்டத்தைப் போல் சுமார் 5.26 மடங்குக்குக் குறைவாக இருந்தால் அது எந்நிலையிலும் நெளியாது என்று பாடநூல்கள் தரும் எல்லை இவ்வழியில் வந்ததுதான்.

இங்கேதான் ஒரு வழக்கு எழுந்தது. அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1889இலும் 1891இலும், ஜெர்மானியப் பொறியாளர் எங்கெசர் பக்கவாட்டு நழுவலுக்கு இடம்கொடுக்கும் தூண்கள் எப்போது நெளியும் என்பதற்கு ஒரு சூத்திரம் எழுதியிருந்தார். சுருள்வில்லும் அத்தகைய ஒரு தூண்தான். எங்கெசரின் சூத்திரமும் ஹாரிங்சின் சூத்திரமும் ஒரே தூணுக்கு வேறு வேறு விடைகளைத் தந்தன. வேறுபாடு சிறியதன்று, நழுவலுக்கு இளகிய தூணாக இருந்தால் ஒன்று 2 என்று சொல்லும் சுமையை மற்றது 3 என்று சொல்லும். இருவருமே கணக்கில் பிழை செய்யவில்லை. பிறகு எங்கே கோளாறு?

‘நழுவல் விசை’ என்ற சொல்லில். தூண் நெளியத் தொடங்கியதும் அதன் அச்சு சாய்கிறது. குறுக்குவெட்டுத் தளமும் சாய்கிறது. நழுவல் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு சாய்வதில்லை. எங்கெசர் அச்சுக்குச் செங்குத்தான திசையில் இருக்கும் விசையை நழுவல் விசை என்றார். ஹாரிங்ஸ் குறுக்குவெட்டுத் தளத்தின் வழியே இருக்கும் விசையை அப்பெயரால் அழைத்தார். நேராக நிற்கும் தூணில் இரண்டு திசைகளும் ஒன்றே. ஆகவே இச்சொல்லுக்கு இரண்டு பொருள்கள் இருப்பதை எவரும் கவனித்ததில்லை. தூண் சாய்ந்த கணத்தில் ஒரு சொல் இரண்டாகப் பிளந்தது.

1971இல் ஸ்டெனெக் பாஷாந்த் என்னும் செக் நாட்டுப் பொறியாளர் இந்தப் பிளவை ஆராய்ந்து, இரு சூத்திரங்களும் திரிபை அளக்கும் இரு வேறு முறைகளிலிருந்து பிறந்தவை என்றும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது பொருளின் குணகத்தையும் உடன் மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும் என்றும் காட்டினார். மொழிபெயர்ப்பாளரின் வேலை என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. வழக்கு அத்துடன் ஓயவில்லை. 2003இல் அவர் மீண்டும் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பிலேயே சுருள்வில்லும் இடம்பெற்றிருக்கிறது, முரண் தீர்ந்தது என்ற அறிவிப்பும் இடம்பெற்றிருக்கிறது.

திரிபு என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்கலாம். தமிழ் இலக்கணத்தில் இது புணர்ச்சிக்குரிய சொல். ஓர் எழுத்து மற்றொன்றாக மாறுவது திரிதல். இயற்பியல் பாடநூலில் திரிபு என்றால் நீள மாற்றத்தை மூல நீளத்தால் வகுத்து வருவது. இது ஒரே ஒரு எண் என்றுதான் பள்ளியில் படித்தோம். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு ரப்பர் துண்டை 150 மில்லிமீட்டராக இழுங்கள். பள்ளிக் கணக்கில் திரிபு 0.5. ஒவ்வொரு கணத்தின் நீளத்தையும் அடிப்படையாகக் கொண்டு கூட்டிச் செல்லும் மடக்கைத் திரிபில் அது சுமார் 0.405. நீளங்களின் வர்க்கத்தை ஒப்பிடும் கிரீன் திரிபில் 0.625. மூன்றும் சரியே. அதே துண்டை 0.1 மில்லிமீட்டர் மட்டும் இழுத்தால் மூன்று முறைகளும் 0.001 என்றே சொல்லும். வேறுபாடு ஏழாம் தசம இடத்தில்தான் தலைகாட்டும். ஹூக்கின் உலகில் இவை ஒருபொருட் பன்மொழி. பெரிய உருமாற்றத்தில் மூன்று தனிச் சொற்கள். தகைவு என்ற சொல்லும் இதே போல, உருமாறுவதற்கு முந்திய பரப்பால் வகுப்பதா பிந்திய பரப்பால் வகுப்பதா என்ற கேள்வியில் உடைகிறது.

கையால் கணக்கிட்ட காலத்தில் இந்தக் கேள்விகளை ஒத்திப்போட முடிந்தது. கணினி வந்ததும் முடியாமற்போனது.

பெரிய உருவத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் நடத்தையையும் எளிமையாக எழுதி, எல்லாவற்றையும் கோத்து விடை காண்பது ‘ஃபைனைட் எலிமெண்ட்’ முறை. வரம்புறு கூறு முறை என்று இங்கே எழுதுகிறேன். கணிதர் ரிச்சர்ட் குராண்ட் 1943இல் இதன் கருவை வெளியிட்டபோது எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, முக்கோணத் துண்டுகளைக் கொண்டு உள்ளீடற்ற சதுரத் தண்டின் முறுக்கத்தைக் கணக்கிடுவது. சுருள்வில் கம்பிக்கு நேர்வதும் முறுக்கம்தான் என்பதால் இந்தத் தற்செயல் எனக்கு உவப்பானது. ஆனால் கணினி இல்லாத காலத்தில் அக்கட்டுரை பொறியாளர் எவர் கையிலும் பயன்படவில்லை. முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது வானூர்தித் தொழில். போயிங் நிறுவனத்தின் டர்னரும், கோடை விடுமுறையில் அங்கே வேலைக்குச் சென்ற பெர்க்லி பேராசிரியர் ரே கிளஃபும், மார்ட்டின், டாப் என்ற மற்றிருவரும் 1956இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஐரோப்பாவில் ஆர்கிரிஸ் அதே ஆண்டுகளில் அதே திசையில் நடந்துகொண்டிருந்தார். முறை பிறந்தது முதலில், பெயர் வந்தது பிறகு. 1960இல் கிளஃப் எழுதிய கட்டுரையில்தான் வரம்புறு கூறு என்ற பெயர் முதன்முதலாக வழங்கப்பட்டது.

துண்டுகளின் விறைப்புகளை எல்லாம் நிரை நிரலாக அடுக்கிய பட்டியலுக்கு ‘மேட்ரிக்ஸ்’ என்று பெயர், தமிழில் அணி. செய்யுளுக்கும் அணி, போருக்கும் அணி, விறைப்புக்கும் அணி. நேரியல் சிக்கலில் இந்த அணியை ஒரு முறை எழுதி ஒரு முறை தீர்த்தால் போதும். வில் உருமாறும்போது அணியே மாறினால்?

அந்தக் கேள்வியை 1960இலேயே எதிர்கொண்டவர்கள் டர்னரும் அவர் கூட்டாளிகளும். வேகமாகப் பறக்கும் வானூர்தியின் மேற்றோல் வெப்பத்தால் விரிந்து உருமாறுவதைக் கணக்கிடச் சுமையைச் சிறு படிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு படிக்கும் புதிய உருவத்தின் அணியை மீண்டும் எழுதினார்கள். இது தவழ்ந்து செல்லும் முறை. ஒவ்வொரு படியிலும் சிறு பிழை சேரும், சேர்ந்த பிழை திரும்பாது. அதைத் திருத்தப் பின்வந்தோர் பதினேழாம் நூற்றாண்டுக்கே திரும்பிச் சென்று நியூட்டன், ராஃப்சன் ஆகியோரின் முறையை எடுத்துவந்தனர்.

அதன் செயலை ஒரு கற்பனை வில்லில் காட்டுகிறேன். தொடக்கத்தில் மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் விறைப்பு; அமுங்க அமுங்கக் கடினமாகும். அமுக்கத்தின் மும்மடியில் பத்தில் ஒரு பங்கு கூடுதல் எதிர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மேலே 100 நியூட்டன் சுமை. ஹூக்கின்படி 10 மில்லிமீட்டர் அமுங்கும். ஆனால் 10 மில்லிமீட்டரில் இந்த வில் 200 நியூட்டன் எதிர்க்கிறது. சமநிலையில் 100 நியூட்டன் பிழை. அந்த இடத்தில் விறைப்பைப் புதிதாக அளந்தால் 40. பிழையை அதனால் வகுத்துப் பின்வாங்கினால் 7.5 மில்லிமீட்டர். இப்போது பிழை 17 நியூட்டன். மீண்டும் அளந்து திருத்தினால் 6.86, பிழை ஒரு நியூட்டனுக்கும் குறைவு. இன்னொரு முறை செய்தால் 6.82, பிழை நூற்றில் ஒரு நியூட்டன்கூட இல்லை. ஹூக் தந்த விடைக்கும் இதற்கும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு. இன்றைய மென்பொருளின் திரையில் சுருள்வில் மெல்ல அமுங்குவதாகத் தெரியும் படத்துக்குப் பின்னால், ஒவ்வொரு கட்டத்திலும் இப்படி ஊகித்தும் பிழை அளந்தும் திருத்தியும் செல்லும் உழைப்பு ஆயிரக்கணக்கான சமன்பாடுகளில் நடந்துகொண்டிருக்கிறது.

1970இல் ஹிபிட், மார்சல், ரைஸ் மூவரும் பெரிய திரிபுக்கும் பெரிய இடப்பெயர்ச்சிக்கும் உரிய கூற்று முறையை முறையாக வகுத்தனர். மார்சல் மார்க் என்ற மென்பொருளையும், ஹிபிட் தம் கூட்டாளிகளுடன் 1978இல் அபாகஸ் என்ற மென்பொருளையும் தொடங்கினர். நெளியும் கட்டத்தில் சுமை கூடாமலே உருவம் மாறும். அங்கே நியூட்டன் முறை தடுமாறும். அதைக் கடக்கச் சுமையைப் படியாகக் கொள்ளாமல், பாதையின் வில்நீளத்தைப் படியாகக் கொள்ளும் வழியை 1970களில் ரிக்ஸ் முதலானோர் அமைத்தனர்.

மிச்சமிருந்த கடினமான பகுதி, சுற்றும் சுற்றும் தொட்டுக்கொள்வது. தொடும் இடம் எது என்பதே விடையின் ஒரு பகுதி; ஆனால் விடை காண அதுவே முன்னதாகத் தெரிய வேண்டும். இத்தாலியக் கணிதர் சிக்னோரினி 1959இல் இவ்வகைச் சிக்கலை முன்வைத்தபோது, இரட்டுறும் எல்லை நிபந்தனைகள் கொண்ட சிக்கல் என்று அதைக் குறிப்பிட்டார். சொல் ஒன்று, பொருள் இரண்டு. எது பொருந்தும் என்பது வாக்கியம் முடிந்தபின்னரே தெரியும் என்ற இரட்டுற மொழிதலின் நிலையேதான் இது. அவர் மாணவர் ஃபிகேரா 1963இல் அச்சிக்கலுக்குத் தீர்வு உண்டு என்றும் அது ஒன்றே என்றும் நிறுவினார். அதே ஆண்டு சிக்னோரினி மறைந்தார். கணினியில் தொடுகையைக் கையாளும் முறைகள் 1970களின் நடுவிலிருந்து வந்தன. இன்று பரவலாக வழங்கும் ஒரு வழி, ஒரு பரப்பு மற்றொன்றுக்குள் மிகச் சிறிதளவு புக இடம்கொடுத்து, புகுந்த அளவுக்கு ஏற்ப மிகக் கடினமான எதிர்விசையைத் தண்டமாக விதிப்பது.

இந்தியாவிலிருந்து ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். கூறுகளை மெல்லியதாக ஆக்கினால் கணக்கு சரியாக வருவதற்கு மாறாக, உருவம் பொய்யாக விறைத்துக்கொள்ளும் நோய் ஒன்று இம்முறைக்கு உண்டு. உண்மையில் வளைய வேண்டிய உத்தரம் கணினியில் பூட்டிக்கொண்டு நிற்கும். பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகத்தில் பணியாற்றிய கங்கன் பிரதாப், 1980களில் இதன் மூலத்தை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர். கூறுக்குள் வளைவையும் நழுவலையும் எழுதப் பயன்படுத்தும் பல்லுறுப்புக் கோவைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது, இல்லாத ஒரு கட்டுப்பாடு கணக்குக்குள் நுழைந்துவிடுகிறது என்பது அவர் விளக்கம். இலக்கணப் பிழையற்ற வாக்கியம் பொருளற்றதாக இருப்பதை ஒத்தது இது. சுருள்வில் கம்பியை எளிய நான்முகித் துண்டுகளால் நிரப்பிக் கணக்கிட்டால் வில் உண்மையைவிட விறைப்பாகத் தெரிவது இந்நோயின் உறவினன். திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ஃபீஸ்ட் என்னும் வரம்புறு கூறு மென்பொருளைத் தானே உருவாக்கியதும் இந்நாட்டு வரலாற்றில் சேரும்.

நேரியல் அல்லாத வில் ஒரு குறைபாடு என்று எண்ணிவிட வேண்டாம். பல இடங்களில் அது வேண்டியே செய்யப்படுவது. நம் ரயில் பெட்டிகளின் தாங்கிகளில் பெரிய வில்லுக்குள் சிறிய வில் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டிருக்கும். இல்லையேல் ஒன்றின் சுற்று மற்றதன் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். உள்வில்லைச் சற்றுக் குட்டையாக வைத்தால், வெற்றுப் பெட்டி வெளிவில்லின் மென்மையில் ஓடும். பாரம் ஏறியபின் இரண்டும் சேர்ந்து தாங்கும். சுமையும் அமுக்கமும் வரைந்த கோடு ஓரிடத்தில் முறியும். அந்த முறிவே பயணத்தின் வசதி. இத்தகைய வில்களைச் செய்வதற்கென்றே குவாலியர் அருகே சித்தோலியில் ரயில்வேக்கு ஒரு தொழிற்சாலை இருக்கிறது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. பல மென்பொருள்களில் பெரிய உருமாற்றத்தைக் கணக்கில் கொள் என்பது ஒரு தெரிவு. தொடக்கத்தில் அது அணைந்தே இருக்கும். தொடுகையையும் நாமே அறிவிக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் ஒரு சுருள்வில்லை அதன் முழு உயரத்துக்கு அமுக்கச் சொன்னால், மென்பொருள் மறுப்பதில்லை. சுற்றுகள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும். சிவப்பும் நீலமுமாக வண்ணப் படமும் வரும். பத்துத் தசம இடங்களுக்கு எண்களும் வரும். அது விடையளித்தது ஹூக்கின் கேள்விக்கு. கேட்டவர் மனத்தில் இருந்தது வேறு கேள்வி. பெருமுயற்சியால் பிரித்தறிந்த சொற்கள் ஒரு சிறு கட்டத்தில் குறியிடாமையால் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் படத்தை நம்பி அறுக்கப்படுவது எஃகு. அதன்மேல் நிற்கப்போவது பெட்டி.

வில் விற்போர் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள். அவர்களின் விவரப் பட்டியலில் ஒவ்வொரு வில்லுக்கும் இன்னும் ஒரே ஒரு விறைப்பு எண்தான் அச்சாகிறது. தொடக்கத்தில் முனைச் சுற்றுகள் சரியாக அமர்ந்திருக்காது. இறுதியில் சுற்றுகள் படியத் தொடங்கிவிடும். ஆகவே அமுங்கக்கூடிய தூரத்தில் முதல் 20 விழுக்காட்டையும் கடைசி 20 விழுக்காட்டையும் விட்டுவிட்டு, நடுவிலுள்ள 60 விழுக்காட்டில்தான் அந்த எண் பொருந்தும் என்பது தொழிலில் நிலவும் பொது வழக்கு. ஹூக் எழுதாமல் விட்ட நிபந்தனை அங்கே வாங்குபவருக்குச் சொல்லப்படுகிறது.